போன வருசத்துச் சுவர்

போன மாதம் ஏற்காட்டு மலையில் கரடியூர்ப் பக்கம் ஒரு ரிசார்ட்டுக்குச் சுற்றுச்சுவர் எழுப்பும் வேலைக்குப் போயிருந்தேன். கட்டட வேலை என்று வெளியே சொல்லிக்கொள்வேன். உண்மையில் கல் எடுத்துக் கொடுப்பதும், கலவை குழைப்பதும், மற்றவர்கள் டீ குடிக்கப் போனால் சாமான்களுக்குக் காவல் நிற்பதும்தான் என் பங்கு. ஐம்பது தாண்டிய உடம்புக்கு அதுவே அதிகம். அங்கே செங்கல் வைத்துக் கட்டிவிட்டு, வெளிப்பக்கம் மட்டும் பழைய கருங்கல்லைப் பதிக்கச் சொல்லியிருந்தார்கள். வருகிறவர்களுக்குப் பழைய கல்லைப் பார்த்தால் பிடிக்குமாம். அதற்காக, பக்கத்துச் சரிவில் புதருக்குள் கிடந்த கற்களை எல்லாம் அள்ளிவந்து குவித்திருந்தார்கள்.

ஒரு கல்லைப் புரட்டி மண்ணைத் தேய்த்தேன். ஒரு முகத்தில் மட்டும் வெள்ளை. ஈரக் கையால் தேய்க்கத் தேய்க்க லேசாகச் சுண்ணாம்பு வாசனை வந்தது. இத்தனை மழைக்குப் பிறகும் சுண்ணாம்புக்கு வாசனை இருக்குமா என்று நீங்கள் கேட்கலாம். எனக்கு வந்தது. என் மூக்கு அப்படி. காலையில் என்ன சாப்பிட்டேன் என்பது மறந்துபோகும், எந்தக் காலத்து வாசனையோ மறக்காது.

அந்தக் கல்லை எனக்குத் தெரியும். அதைத் தூக்கிச் சுவரின் மேல் வைத்த கைகளில் என் கையும் ஒன்று.

சுண்ணாம்பு வாசனை வந்தால் அதன் பின்னாலேயே காப்பிப் பழத்தோல் புளித்த வாசனையும் வந்துவிடும். இரண்டும் எங்கள் எஸ்டேட்டுக் களத்தில் ஒன்றாக இருந்தவை. களம் என்றால் காப்பி காயவைக்கிற களம். ஒரு பக்கம் பழத்தோல் உரிக்கிற மெஷின் ஷெட்டு, இன்னொரு பக்கம் லாரி ஷெட்டு, பின்னால் காப்பிச் செடி, நேர் எதிரே ஒரு நீளக் கருங்கல் சுவர். நடுவில் சிமெண்டுத் தரையும் அதை ஒட்டிக் கொஞ்சம் புல்வெளியும். மார்கழி, தை முழுக்க அங்கே காப்பி காயும். பங்குனியில் களம் ஒழியும். ஒழிந்த மறுநாள் அது எங்கள் கிரிக்கெட் மைதானம்.

மைதானம் என்றதும் டி.வி.யில் வருகிற மாதிரி நினைத்துவிடாதீர்கள். இப்போது டீக்கடையில் நின்று பார்க்கிறேன். கயிற்றைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக் கட்டியதால்தான் இத்தனை சிக்ஸர் என்று பக்கத்தில் நிற்கிற பையன்கள் சண்டை போடுகிறார்கள். எல்லையை நகர்த்தினால் ஆட்டம் மாறும் என்பது அவர்களுக்கு வேடிக்கை. நான் டீ டம்ளரைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

எங்கள் களத்தில் சிக்ஸர் என்றால் அந்தச் சுவருக்கு மேலேதான். ஷெட்டுக் கூரை உடைந்தால் ரைட்டர் கத்துவார் என்பதால் மற்றப் பக்கங்களில் எல்லாம் நாலு ரன்தான். ரைட்டர் என்றால் எஸ்டேட்டில் கணக்கும் ஆளும் பார்க்கிறவர், எங்களுக்கு எல்லாமே அவர்தான். அப்புறம் இன்னொரு சட்டம். பந்து சுவரில் பட்டுத் திரும்பி வரும்போது, தரையில் விழுவதற்குள் ஒற்றைக் கையால் பிடித்துவிட்டால் அடித்தவன் அவுட். வேலை முடிந்து விளையாட வருகிறவர்கள் ஏழெட்டுப் பேர் தேறினால் பெரிது. ஆள் பத்தாத இடத்தில் சுவரையும் ஒரு ஆளாகச் சேர்த்துக்கொண்டோம்.

அந்தச் சுவருக்குத் துணையாக நிற்பவன் நான். நன்றாகப் பிடிப்பேன் என்பதற்காக இல்லை. பந்து போடுகிறவன் கத்த வேண்டும், பக்கத்தில் நிற்கிறவன் அவுட் கேட்க வேண்டும். எனக்கு வாய் திறக்க வராது. அஞ்சாம் வகுப்போடு நின்றவன். அந்த ஐந்து வருடமும் வாத்தியார் என் பேரைக் கூப்பிட்டால் பக்கத்துப் பையன்தான் எனக்காக ‘உள்ளேன் ஐயா’ சொல்வான். சுவரடியில் யாரோடும் பேச வேண்டியதில்லை. வெயில் குடித்த கருங்கல் சாயங்காலம் வரை சூடு வைத்திருக்கும். முதுகைச் சாய்த்துக்கொள்ளலாம். அந்தச் சூட்டுக்காகவே டீமில் இருந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

சுவர் என் தலைக்குக் கொஞ்சம் மேலே வரும். அதற்குப் பின்னால் சில்வர் ஓக் மரங்கள் வரிசையாக நின்றன. மரங்களுக்குப் பின்னால் மலை அப்படியே அடிவாரத்துக் குப்பனூர்ப் பக்கம் சரிந்து இறங்கும். இதை ஏன் இவ்வளவு விலாவாரியாகச் சொல்கிறேன் என்றால், எல்லாம் இதில்தான் இருக்கிறது. மட்டமாக அடித்த பந்து சுவரை உரசுகிற மாதிரி தாண்டி, மரத்தில் மோதி, அடியிலேயே விழும். எடுத்துக்கொள்ளலாம். உயர அடித்த பந்து மரத்துக்கும் மேலே போய்ச் சரிவில் இறங்கும். அதற்கப்புறம் அது பந்து இல்லை. எங்களிடம் இருப்பதே ஒன்றோ இரண்டோ டென்னிஸ் பந்து. அதனால் பந்தைத் தொலைத்தவன் அவுட் என்று சட்டம். எங்களில் யாரும் உயர அடிக்கக் கற்றுக்கொள்ளவே இல்லை. கையை உயர்த்தினாலே நாலு பேர் ‘டேய், டேய்’ என்று கத்துவார்கள்.

அப்படி மட்டமாக அடிப்பதில் பெரிய ஆள் செல்வராசு அண்ணன். எங்கள் கேப்டன். நிழல் மரங்களில் ஏறிக் கிளை கழிக்கிற வேலை அவருக்கு. தச்சரிடம் சொல்லிச் சில்வர் ஓக் கட்டையில் ஒரு பேட்டு செய்து வைத்திருந்தார். கிளை வெட்டுகிற அரிவாளை வீசுவது போலத்தான் அதையும் வீசுவார். பந்து நேர்கோட்டில் வரும். சுவரடியில் நிற்கிற எனக்குத் தலைக்கு மேலே ‘விர்’ என்று ஒரு சத்தம், பின்னால் மரத்தில் ‘டொப்’ என்று ஒரு சத்தம். சிக்ஸர். திரும்பிப் பார்க்கவே வேண்டாம்.

வருடத்துக்கு ஒரு தடவை, களம் ஒழிந்து காப்பிப் பூ பூக்கிற நாட்களில், குப்பனூர் டீமோடு மேட்ச் நடக்கும். அன்றைக்கு மட்டும் எஸ்டேட்டில் புதுப் பந்துகள் தருவார்கள், தொலைந்தாலும் சிக்ஸர்தான். மலை முழுக்க மல்லிகை மாதிரி மணக்கும். அந்த மணத்தில் தோற்பதுபோல் கொடுமை கிடையாது. எண்பதுகளின் நடுவில் ஒரு வருடம் படுதோல்வி அடைந்தோம். குப்பனூர் கேப்டன் பழனி, லாரி டிரைவர், போகும்போது சுவரைக் கையால் தட்டிவிட்டுச் சொன்னார்:

“ஏனுங்க, இது சொவருங்களா, ஆட்டுப் பட்டியா? எட்டிக் கால வெச்சா தாண்டிப்போடலாமாட்ட இருக்குது.”

எல்லோரும் சிரித்தார்கள். செல்வராசு அண்ணனும் சிரித்தார். ஆனால் அந்தப் பேச்சு அவருக்குள் கிடந்தது. அடுத்த மாசியில் ஒருநாள் என்னிடம் சொன்னார்:

“கண்ணு, சொவத்த ஒன்னர அடி ஏத்திப்போட்டா என்ன?”

“நம்ம பந்தும் தாண்டாதுங்களேண்ணா.”

“தாண்ட வேண்டாம். ஆருக்குமே சிக்ஸு கெடையாதுன்னா ஓடி ஓடித்தான ரன்னு எடுக்கோணும்? கீழ்நாட்டான் இந்த மேட்டுல நாலு ஓட்டம் ஓடுனா நாக்குத் தள்ளிரும். நாம பொறந்ததுல இருந்தே ஓடறோம்.”

கேட்டபோது எவ்வளவு சரியாக இருந்தது தெரியுமா? இன்றைக்கும் அதில் எந்த இடத்தில் பிசகு என்று உடனே சொல்ல முடியவில்லை. பக்கத்து ஊர் ஆடுகள் ஏறிக் குதித்துக் காப்பியை மிதிக்கின்றன என்று ரைட்டரிடம் சொன்னார் அண்ணன். ஆடு வந்தது பொய் இல்லை, ஆனால் அது வழியாக வரும், சுவர் ஏறி வராது. ரைட்டருக்கும் கிரிக்கெட் பைத்தியம். மேட்சில் அவர்தான் அம்பயர். சிரித்துக்கொண்டே, “ஆடுங்களா? லாரி ஓட்டற ஆடாக்கும்?” என்று கேட்டுவிட்டுச் சம்மதித்தார். சரிவில் கிடந்த கற்களைத் தூக்கி வந்து சாந்து வைத்துக் கட்டினோம். பந்து சுவரில் பட்டதா மரத்தில் பட்டதா என்று சண்டை வரக்கூடாது என்று புதுக்கல் வரிசைக்கு மட்டும் அண்ணன் வெள்ளையடித்தார். தூரத்தில் இருந்து பார்த்தால் சுவர் தலையில் துண்டு கட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. எஸ்டேட்டுத் தொரை ஜீப்பில் வந்து பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

களம் ஒழிந்த முதல் சாயங்காலம் செல்வராசு அண்ணன் அடித்த முதல் பந்து அந்த வெள்ளையில் மோதித் திரும்பியது. பந்தில் திருநீறு பூசின மாதிரி சுண்ணாம்பு. எல்லோரும் கைதட்டினோம். சுவர் வேலை செய்கிறது என்ற சந்தோசம்.

இங்கே அவருடைய வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். லயனில், அதாவது எஸ்டேட்டு ஆட்களுக்குக் கட்டிய வரிசை வீடுகளில், எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி அவர் வீடு. மனைவி மல்லிகா அக்கா. ஒரே குழந்தை, சுமதி. அப்போதுதான் நடக்கப் பழகியிருந்தாள். என்னை மட்டும் கண்டால் பேசாமல் வந்து காலைக் கட்டிக்கொள்வாள். பேசாதவனை இன்னும் பேச்சு வராத குழந்தைக்குப் பிடித்துப்போனது என்று மல்லிகா அக்கா கிண்டல் செய்வார். மழைக்காலம் வந்தால் அந்தக் குழந்தைக்கு இழுப்பு வந்துவிடும். நெஞ்சு ஏறி இறங்கும். விலா எலும்புக்கு இடையில் குழி விழும். லயன் சுவர் மெல்லிசு, இரண்டு வீடு தள்ளியும் அந்தச் சத்தம் கேட்கும். பழுதான துருத்தி மாதிரி ஒரு சத்தம். ஏற்காட்டில் டாக்டர் பார்த்துவிட்டுச் சொன்னாராம், இந்தக் குளிர் இதற்கு ஆகாது, அடுத்த மழைக்குள் கீழே கொண்டுபோய்விடுங்கள் என்று.

கீழே என்று சொல்வது சுலபம். எங்கள் பாட்டன்மார் கீழே இருந்து வந்தவர்கள்தான். ஆனால் திரும்பிப் போக ஒரு கைப்பிடி மண் கிடையாது. லயன் வீடு வேலையோடு வந்தது, வேலையை விட்டால் கூரையும் போய்விடும். மல்லிகா அக்காவின் பிறந்த வீடும் இதே மலையில் செம்மநத்தம், அதே குளிர், அதே மேகம்.

மேட்சுக்கு ஒரு வாரம் இருக்கும்போது ரைட்டர் அண்ணனைக் கூப்பிட்டனுப்பினார். நானும் கூடப் போய் வாசலில் நின்றேன். ரைட்டரின் மச்சான் சேலத்தில் ஒரு மில்லில் இருந்தார். மில்லுக்கு கிரிக்கெட் டீம் உண்டு. நன்றாக அடிக்கிற ஆள் கிடைத்தால் மில்லில் வேலை, கூடவே குடியிருக்க வீடு. மச்சான்தான் ஆள் பொறுக்குகிறவர்.

“மேச்சு பாக்க வர்றானப்பா. நம்ம பையன் ஒருத்தன் சொவத்துக்கு மேல பொளந்து கட்டறான்னு நாந்தான் நொம்ப சொல்லி வெச்சிருக்கறேன். நாலு சிக்ஸு போடு. மிச்சத்த நான் பாத்துக்கறேன்.”

செல்வராசு அண்ணன் திரும்பிச் சுவரைப் பார்த்தார். பிறகு கேட்டார்: “ஏனுங்க, அந்த மேல் வரிசைய எடுத்துப்போடலாமுங்களா?”

ரைட்டரின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். அவருக்கும் அப்போதுதான் உறைத்தது.

“தொரை பாத்துட்டுப் போயி ரெண்டு வாரங்கூட ஆவலயேப்பா. இப்ப இடிச்சா ஏன்னு கேப்பாரு. ஆடெல்லாம் செத்துப்போச்சுன்னு சொல்லட்டுமா?”

அது சிரிப்பதற்குச் சொன்னது. யாரும் சிரிக்கவில்லை.

வீட்டில் மல்லிகா அக்கா இன்னும் நேராகச் சொன்னார்: “நாலு கல்லு. வெடியால போயி கடப்பாறைல தள்ளியுட்டுட்டு வாங்க.”

“சாந்து எறுகிருச்சு புள்ள. ஆரு தள்ளுனான்னு ஒரு பேச்சு வந்தா இந்த வேலையும் போயிரும். அந்த வேலை கெடைக்குமோ கெடைக்காதோ. இதையும் தொலச்சுப்போட்டு இவளத் தூக்கிட்டு எங்க நிக்கறது?”

சரி, உயர அடிக்கப் பழகிக்கொள்வது என்று முடிவானது. அந்த வாரம் சாயங்காலம் எல்லாம் நான் பந்து போட, அவர் அடித்தார். மரம் ஏறிக் கிளையை வெட்டுகிறவர், நெஞ்சு உயரத்துக்கு மேல் கையைக் கொண்டுபோகத் தெரியாத ஆளா? ஆனால் பேட்டைப் பிடித்ததும் கை பழைய வழிக்கே போனது. மனசு வைத்து உயர்த்தி அடித்தால் பந்து அவர் தலைக்கு மேலேயே நின்று, அங்கேயே விழும். குழந்தைகள் சிரிக்கும். ஒரே ஒரு பந்து சரியாக ஏறியது. வெள்ளை வரிசைக்கு மேலே, மரங்களுக்கு மேலே, அழகாக ஏறி மேகத்துக்குள் போய்விட்டது. இரண்டு பேரும் வாயைப் பிளந்து பார்த்தோம். பிறகுதான் அது எங்கள் கடைசிப் பந்து என்று ஞாபகம் வந்தது. சரிவில் இறங்கித் தேடினோம். கிடைக்கவில்லை. பயிற்சி அதோடு முடிந்தது.

“ஏறுச்சில்ல கண்ணு?” என்று மட்டும் கேட்டார்.

“ஏறுச்சுங்ணா.”

மேட்ச் அன்றைக்குக் காப்பிப் பூ முழுசாகப் பூத்திருந்தது. லாரி ஷெட்டு நிழலில் நாற்காலி போட்டு மில்காரரை உட்கார வைத்திருந்தார்கள். சட்டையை இஸ்திரி போட்டு, பாக்கெட்டில் பேனா. நல்ல மனிதர் மாதிரிதான் தெரிந்தார். பன்னும் டீயும் கொடுத்தபோது, கொடுத்த பையனைப் பார்த்துக் கும்பிட்டார். மல்லிகா அக்கா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மெஷின் ஷெட்டு ஓரம் நின்றார்.

பழனி வந்ததும் சுவரைப் பார்த்தார். “ஏனுங்க, போன வருசம் இது இத்தன ஒசரமா இருந்துச்சுங்களா?”

“சொவரு அதேதானுங்க. நீங்கதான் லாரில உக்காந்து உக்காந்து தேஞ்சு போயிட்டீங்க” என்றார் எங்கள் ஆள் ஒருவர்.

பழனி விழுந்து விழுந்து சிரித்தார். அவருக்கு அதில் கோபமே இல்லை. ஏன் இல்லை என்பது அவர் ஆட வந்ததும் தெரிந்தது.

குப்பனூர்க்காரர்கள் விளையாடுவது காய்ந்த ஏரியில். மரம் கிடையாது, சரிவு கிடையாது, பந்து எவ்வளவு உயரம் போனாலும் கண்ணுக்கு முன்னால்தான் விழும். அவர்கள் பிறந்ததில் இருந்தே பந்தை வானத்துக்கு அடித்தவர்கள். நாங்கள் எல்லோரும் எங்களைப் போலவே அடிப்பார்கள் என்று நினைத்துச் சுவர் கட்டியிருந்தோம். சுவரடியில் முதுகைச் சாய்த்து நின்ற எனக்கு அன்றைக்கு ‘விர்’ என்ற சத்தமே கேட்கவில்லை. பந்துகள் எங்கேயோ மேலே, பருந்து போகிற உயரத்தில் போயின. பழைய சுவராக இருந்தாலும் தாண்டியிருக்கும், இரண்டு ஆள் உயரச் சுவராக இருந்தாலும் தாண்டியிருக்கும். நாங்கள் தூக்கி வைத்த ஒன்றரை அடியை அவர்கள் கவனிக்கவே இல்லை. அந்த ஒன்றரை அடியில் பட்டுத் திரும்பக்கூடிய பந்தை அடிக்கிறவர்கள் இந்த மலையில் மட்டும்தான் இருந்தார்கள். அதிலும் பெரிய ஆள் ஒருவர்தான்.

மேட்சில் தோற்பது அப்போதே முடிவாகிவிட்டது. அது பெரிதில்லை. நாங்கள் எல்லோரும் காத்துக்கொண்டிருந்தது அந்த நாலு சிக்ஸருக்கு.

செல்வராசு அண்ணன் ஆட வந்தார். எங்கள் டீம் ஆடும்போது நான் சும்மா இருக்கிறவன், மெஷின் ஷெட்டு ஓரம் மல்லிகா அக்கா பக்கத்தில் நின்றேன். சுமதி என் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தாள். அண்ணன் முதலில் ஒரு பந்தை உயர அடிக்கப் பார்த்தார், அது பேட்டில் படவே இல்லை. அடுத்ததற்குக் கை தானாகப் போனது. அரிவாள் வீச்சு. பந்து நேர்கோட்டில் போய் வெள்ளையில் மோதித் திரும்பியது. ஓடி இரண்டு ரன். அதற்கடுத்ததும் அப்படியே. வெள்ளையில் அதே இடம். போன வருடமாக இருந்தால் இரண்டும் மரத்தில் ‘டொப்’. மல்லிகா அக்கா வாய்க்குள்ளேயே எண்ணிக்கொண்டிருந்தார். விழாத சிக்ஸரை எண்ணினார் என்று பிறகு புரிந்தது.

அதற்குப் பிறகு வந்த பந்தை எவ்வளவு அழகாக அடித்தார் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். மின்னல் மாதிரி போய் வெள்ளை வரிசையின் மேல் விளிம்பில், அந்தக் கடைசிக் கல்லின் தலையில் பட்டது. இன்னும் ஒரு விரல் உயரம் இருந்திருந்தால் போயிருக்கும். பட்டு, மேலே எழும்பி, உள்ளே விழுந்தது. சுவரடியில் நின்ற பழனி வலது கையை நீட்டினார். பந்து அவர் கைக்குள் போய் உட்கார்ந்தது.

“அவுட்டுங்கோ!”

மில்காரர் எழுந்தேவிட்டார். “சொவத்துல பட்டது எப்படிங்க அவுட்டு?”

“இது இவங்க ஊட்டுச் சட்டமுங்க. நாங்க வெக்கல” என்றார் பழனி. சொன்னது உண்மைதான்.

எல்லோரும் அம்பயரைப் பார்த்தார்கள். ரைட்டர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். வருடக்கணக்காக அந்தச் சட்டத்தை வைத்து அவர் எத்தனை பேருக்கு விரலைத் தூக்கியிருக்கிறார்! சின்னப் பிள்ளைகளுக்குக்கூட விட்டுக்கொடுத்ததில்லை. விரலைத் தூக்கினார். முழங்கை மடங்கியே இருந்தது, காது வரைக்கும்கூட வரவில்லை.

நான் என் வாழ்க்கையில் வெளி ஆளிடம் வலியப் போய்ப் பேசியது அன்றைக்குத்தான். மேட்ச் முடிந்து மில்காரர் கிளம்பும்போது, ஆடிய பந்தை எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் நின்றேன். பந்தில் சுண்ணாம்புத் திட்டுகள்.

“ஏனுங்க... இந்த வெள்ளைல பட்டதெல்லாம் புதுச் சொவருங்க. போன வருசம் இத்தன ஒசரம் இல்லைங்க. போன வருசச் சொவருன்னா மூணும் சிக்ஸுங்க.”

அவர் பந்தை வாங்கிப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். அவருக்கு இரக்கமாகத்தான் இருந்தது என்று நினைக்கிறேன்.

“இருக்கலாந் தம்பி. ஆனா போன வருசச் சொவத்த நான் எங்க போயிப் பாக்கறது?”

பந்தை என் கையில் வைத்துவிட்டு, ரைட்டர் பக்கம் திரும்பி, “கை நல்ல கைதான் மாப்ள. பந்துதான் மேல எந்திரிக்கல” என்றார். பிறகு பழனியைக் கூப்பிட்டு மில்லுக்கு வருகிறீர்களா என்று கேட்டார். பழனிக்குச் சிரிப்பு. “எனக்கெதுக்குங்க மில்லு? லாரி இருக்குதுங்களே.” அந்த வேலை பிறகு யாருக்குப் போனதோ தெரியாது.

செல்வராசு அண்ணன் யாரையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் வழக்கம்போல அரிவாளை எடுத்துக்கொண்டு மரமேறப் போனார். அதற்கப்புறம் கீழே சில இடங்களில் போய் வேலை கேட்டார். வேலை கிடைத்த இடத்தில் தங்க இடம் இல்லை. மழை பிடித்துக்கொண்டது. ஆடியில் ஒரு தடவை, புரட்டாசியில் ஒரு தடவை என்று இழுப்பு வந்து வந்து போனது.

கார்த்திகையில் ஒரு விடியற்காலை வந்த இழுப்பு போகவில்லை. பஸ் வர நேரமாகும். பழனியின் லாரி கட்டை ஏற்றிக்கொண்டு குப்பனூர் வழியாக இறங்கப் புறப்பட்டுக்கொண்டிருந்தது. மல்லிகா அக்கா குழந்தையோடு முன்னால் ஏறிக்கொண்டார், அண்ணன் பின்னால் கட்டை மேல் உட்கார்ந்துகொண்டார். இறங்க இறங்கக் காற்று சூடாகும் என்று அக்கா சொல்லிக்கொண்டே போனாராம். குப்பனூர் வருவதற்கு முன்பே சத்தம் நின்றுவிட்டது. இழுப்பு நின்றது என்றுதான் முதலில் நினைத்தார்களாம்.

காரியம் முடிந்து சில நாள் கழித்துப் பழனியை லாரி ஷெட்டில் பார்த்தேன். ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார்.

“மில்லு வேலைக்குன்னு அன்னைக்கு ஒருத்தரும் சொல்லலயேப்பா. சொல்லியிருந்தா பந்தக் கீழ உட்டிருக்க மாட்டனா?”

எதிர் டீமிடம் போய் அதை யார் சொல்வார்கள்? நாங்கள் அப்படி விளையாடியதில்லை.

அடுத்த வருடம் மேட்ச் நடக்கவில்லை. நடத்தக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை, கேட்க ஆளில்லை. அண்ணனும் அக்காவும் திருப்பூர்ப் பக்கம் போய்விட்டார்கள். இப்போது போவதற்குத் தங்க இடம் பெரிய விசயமாக இல்லை, இரண்டு பேர்தானே. அதற்கடுத்த மழையில் சுவரின் மேல் வரிசை தானாகச் சரிந்தது. நாங்கள் வைத்த சாந்து அவ்வளவுதான். கற்கள் ஒவ்வொன்றாக உருண்டு சரிவில் இறங்கிவிட்டன. சுவர் பழைய உயரத்துக்கு வந்தது. மச்சானைக் கூட்டிவந்து காட்டலாம் என்று ரைட்டரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

செல்வராசு அண்ணனைப் பிறகு ஒரே ஒரு முறை சேலம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். முடி நரைத்திருந்தது. மல்லிகா அக்கா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். இருக்கிறாள் என்றார். பஸ் கிளம்புகிற நேரத்தில் ஜன்னல் வழியாகக் கேட்டார்:

“அந்தச் சொவரு இருக்குதா கண்ணு?”

“மேல் வரிசை அப்பவே உழுந்துருச்சுங்ணா. நீங்க போனதுக்கு அடுத்த மழைலயே.”

தலையை ஆட்டினார். “கடப்பாறையே வேண்டாம்னு உழுந்துருச்சா” என்றார். பஸ் போய்விட்டது. மல்லிகா அக்கா சொன்ன கடப்பாறையை அவர் மறக்கவில்லை என்று தெரிந்தது. அதற்கப்புறம் அவரைப் பற்றித் தகவல் இல்லை.

இப்போது எஸ்டேட்டே இல்லை. துண்டு துண்டாக விற்றுவிட்டார்கள், அதில் ஒரு துண்டுதான் இந்த ரிசார்ட்டு. மெஷின் ஷெட்டு போய், அந்தப் புளித்த வாசனையும் போய்விட்டது. களத்தில் கார் நிறுத்துகிறார்கள். சில்வர் ஓக் மரங்களை வெட்டிவிட்டார்கள். சரிவு முழுக்கக் கண்ணாடி ஜன்னல் வைத்த அறைகள், மேகம் பார்க்க. மிச்சமிருந்த பழைய சுவரையும் வண்டி திரும்ப இடம் வேண்டும் என்று இடித்துத் தள்ளினார்கள். லயன் வீடுகளுக்குப் பின்னால் சுமதியைத் திரும்பக் கொண்டுவந்து புதைத்த இடம் எது என்று எனக்குச் சரியாகத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். போன மாதம் வேலைக்கு நடுவில் போய் நின்று பார்த்தேன். மண்ணை நிரவி விட்டிருக்கிறார்கள். இரண்டு மூன்று இடம் அதுவாக இருக்கலாம் போலத் தோன்றியது.

போன வருசத்துச் சுவரை எங்கே போய்ப் பார்ப்பது என்று மில்காரர் கேட்டார். இன்றைக்கு நாங்கள் ஏற்றிய சுவரையும் காட்ட முடியாது, அதைத் தாண்டாத பந்தையும் காட்ட முடியாது. என் கையில் ஒரு கல் இருந்தது, அவ்வளவுதான்.

“ஏனுங்ணா, அந்தக் கல்லயே எத்தன நேரம் பாத்துட்டு நிப்பீங்க? கலவை எறுகுதுங்க” என்றான் கொத்தனார்ப் பையன்.

எடுத்துக் கொடுத்தேன். திருப்பிப் பார்த்தான். சுண்ணாம்பு அழுக்கு வெளியே தெரிந்தால் இன்ஜினியர் திட்டுவார் என்று, வெள்ளைப் பக்கத்தைக் கலவைக்குள் வைத்து அழுத்தினான்.